தண்டவாளமும் வண்டித் தடமும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய ஊர்திகளைப் பற்றிக் கேட்க விரும்புவோர் எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், டோங்காட், போர்ட் ஷெப்ஸ்டன் என்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துள்ளன. ஒரே செய்தியைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, என்னால் உறுதியாக விடை சொல்ல முடிந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 1860இல் தோட்ட வேலை ஒப்பந்தத்தில் ‘ட்ரூரோ’ கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் புகைவண்டி என்ற ஒன்றை டர்பனில்தான் முதன்முதலாகப் பார்த்து அஞ்சினார்கள் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். அது சரிதானா, ஐயா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஃபீனிக்ஸ்)

பதில்: தாத்தா சொன்னதில் பாதி சரி. டர்பனில் அப்போது புகைவண்டி ஓடிக்கொண்டிருந்தது. 1860 ஜூன் 26ஆம் நாள், துறைமுகத்தின் பாயின்ட் பகுதியிலிருந்து மார்க்கெட் சதுக்கம் வரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் முதல் ரயில் தடம் திறக்கப்பட்டது. கேப் பகுதியில் அதற்கு முன்பே வேலை தொடங்கியிருந்தாலும், ஓடத் தொடங்கியதில் முந்திக்கொண்டது நேட்டால்தான். ‘ட்ரூரோ’ 342 பேருடன் டர்பனை அடைந்தது அதே ஆண்டு நவம்பர் 16ஆம் நாள். ஆகவே நம்மவர் கரையிறங்கியபோது அந்தச் சிறிய எஞ்சினுக்கு வயது ஐந்து மாதம்கூட நிரம்பவில்லை.

ஆனால் அஞ்சினார்கள் என்பதை நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கப்பல் புறப்பட்ட சென்னையில், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்கு 1856 ஜூலை முதல் நாளிலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நேட்டாலுக்கு ஆள் சேர்க்கப்பட்ட மாவட்டங்களில் வடஆர்க்காடு முக்கியமானது. வாலாஜா அந்த வடஆர்க்காட்டில்தான் இருந்தது. ஆகவே அவர்களுள் சிலர் தம் ஊர் வயல்வெளியைக் கிழித்துக்கொண்டு ஓடிய புகைவண்டியை ஏற்கெனவே பார்த்திருக்கவும், இன்னும் சிலர் அதில் ஏறியே சென்னைக்கு வந்திருக்கவும் கூடும். டர்பனில் ஓடிய மூன்று கிலோமீட்டர் வண்டி அவர்களுக்குச் சிறிய பொருளாகவே தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். நம் முன்னோரைத் திகைத்து நின்றவர்களாக மட்டுமே சித்திரிக்கும் கதைகளை நாம் கொஞ்சம் நின்று சோதிக்க வேண்டும்.

தண்டவாளத்தின் அகலத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சென்னைத் தடம் 1,676 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. டர்பனின் முதல் தடம் இங்கிலாந்து வழக்கப்படி 1,435 மில்லிமீட்டர். 1877இல் நேட்டால் அரசு ரயிலைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு மலைநாட்டுக்குள் தடம் போடத் துணிந்தபோது, கூரிய வளைவுகளுக்கு ஏற்ப 1,067 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டது. கரும்புத் தோட்டங்களுக்குள் போடப்பட்ட சிறு தடங்களோ 610 மில்லிமீட்டர்தான். ஆர்க்காட்டில் பிறந்து, டர்பனில் இறங்கி, தோட்டத்தில் வேலை செய்து, பின்பு ரயில்வேயில் சேர்ந்த ஒருவர் தம் வாழ்நாளில் இந்த நான்கு அகலங்களையும் கண்டிருக்க முடியும்.

அந்த முதல் எஞ்சினின் பெயரும் ‘நேட்டால்’ என்பதே. வேலை ஓய்ந்த பிறகு அது போர்ட் செயின்ட் ஜான்ஸ் பக்கம் போய் மண்ணுக்குள் கிடந்தது. 1940களில் எஞ்சிய பாகங்களைத் தோண்டியெடுத்து மீண்டும் உருவம் கொடுத்தார்கள்.

கேள்வி: என் பாட்டனார் டோங்காட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாட்டு வண்டிச் சக்கரம் செய்யும் தச்சராக இருந்தார். நானோ நீராவி எஞ்சின்களின் படங்களைச் சேகரிக்கிறேன். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?
(கல்லூரி மாணவர், டோங்காட்)

பதில்: தம்பி, இந்த வாரம் வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது உங்கள் கடிதம்தான். தொடர்பு இருக்கிறது, அதுவும் சக்கரத்திலேயே இருக்கிறது.

உங்கள் பாட்டனார் சக்கரத்தின் நடுக்கட்டையான குடத்தைக் கடைந்து, அதில் ஆரக்கால்களை இறக்கி, வெளியே விளிம்பாக அமையும் வளைந்த கட்டைகளான வட்டைகளைப் பூட்டிச் சக்கரத்தை வட்டமாக்கியிருப்பார். அந்த மரம் எவ்வளவு திறமையாகப் பொருத்தப்பட்டிருந்தாலும், இரும்புப் பட்டா ஏறாதவரை அது பாரம் தாங்காது. கொல்லர் அந்தப் பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே குறைவாகத்தான் வளைத்துப் பற்றவைப்பார். பிறகு அதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சினால் இரும்பு விரிந்து கொடுக்கும். அந்த நொடியில் இரண்டு மூன்று பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்க, மரம் கருகிப் புகையும்போதே தண்ணீரை ஊற்ற, பட்டா சுருங்கி வட்டை, ஆரக்கால், குடம் அனைத்தையும் ஒரே பிடியாக இறுக்கும். இந்த இறுக்கம் வெயிலில் தளரும். மரம் காய்ந்து சுருங்கினால் பட்டா ஆடத் தொடங்கும் என்பதால், நம் ஊர் வண்டிக்காரர் குளத்திலும் இங்கே கரூ வறள்நிலத்தைக் கடந்த வண்டிக்காரர் ஆற்றுத் துறையிலும் சக்கரத்தை ஊறவைத்தார்கள்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். நீராவி எஞ்சினின் பெரிய சக்கரம் ஒரே வார்ப்பு அன்று. ஆரக்கால்களோடு கூடிய நடுப்பகுதி தனி. தண்டவாளத்தைத் தொடும் எஃகு வளையம் தனி. அந்த வளையத்தின் உட்புறத்தை நடுப்பகுதியைவிடக் குறைவாகக் கடைவார்கள். குறுக்களவில் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறைவு. வளையத்தைச் சுற்றிலும் சீராகச் சூடேற்றி, விரிந்ததும் நடுப்பகுதியை அதற்குள் இறக்கி, ஆறவிடுவார்கள். நூறு டன் எடையுள்ள எஞ்சினைத் தாங்கும் பிடிப்பு பெரும்பாலும் அந்த ஒரு மில்லிமீட்டரிலிருந்துதான் வருகிறது. வளையம் தேய்ந்தால் கடைசல் பிடித்துச் சீராக்குவார்கள்; மிகவும் மெலிந்துவிட்டால் அறுத்தெடுத்துவிட்டுப் புதிது ஏற்றுவார்கள். வட்டை தேயாமல் பட்டாவை மட்டும் மாற்றுகிற அதே கணக்கு.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் கட்டைகள் உரசி வளையம் சூடாகும். சூடானால் விரிந்து நழுவக் கூடும். அதைக் கண்டுபிடிக்க, வளையத்தையும் நடுப்பகுதியையும் சேர்த்து ஒரு வண்ணக் கோடு போட்டிருப்பார்கள். கோடு விலகியிருந்தால் வளையம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்த முறை படம் எடுக்கும்போது அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள். உங்கள் பாட்டனார் சுத்தியலால் பட்டாவைத் தட்டி ஓசையைக் கேட்டிருப்பார் அல்லவா? ரயில் நிலையத்தில் நீண்ட காம்பு வைத்த சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே நடந்தவரும் அதே ஓசையைத்தான் கேட்டார். கணீரென்று ஒலித்தால் நலம். மழுங்கி ஒலித்தால் விரிசல் அல்லது தளர்ச்சி.

கேள்வி: காந்தியடிகளை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட எங்கள் ஊர் நிலையத்தை உலகமே அறியும். அதே பயணத்தில் அவர் குதிரை வண்டியிலும் சென்றார் என்று படித்தேன். ரயில் இருக்கும்போது குதிரை வண்டி எதற்கு?
(வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: அன்று ரயில் போய்ச் சேர்ந்த இடம் அவ்வளவுதான், அம்மா. 1893 ஜூன் 7ஆம் நாள் இரவு உங்கள் ஊரில் நடந்ததற்குப் பிறகு அவர் மீண்டும் ரயிலேறி, நேட்டாலின் எல்லையில் இருந்த சார்லஸ்டவுன் வரை சென்றார். தண்டவாளம் அங்கே முடிந்தது. டிரான்ஸ்வாலுக்குள் ஜோகானஸ்பர்க் வரை தடம் இணைந்தது 1895இன் இறுதியில்தான். இடைப்பட்ட தூரத்தைக் கோச்சு வண்டியில் கடக்க வேண்டும். இரவில் ஸ்டாண்டர்டனில் தங்கி மறுநாள் தொடர வேண்டும்.

அந்நாளைய கோச்சு வண்டி ஒரு பெரும் ஏற்பாடு. பல இணைக் குதிரைகளோ கோவேறு கழுதைகளோ பூட்டி, சில மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை நிலையத்தில் நிறுத்தி, களைத்தவற்றை அவிழ்த்துப் புதியவற்றைப் பூட்டுவார்கள். வடக்கே சீடர்பெர்க் குடும்பத்தார் நடத்திய தபால் வண்டிகளில் வரிக்குதிரைகளைப் பழக்கிப் பூட்டிப் பார்த்ததும் உண்டு. குதிரைகளைக் கொன்ற நோய் வரிக்குதிரையை அண்டாது என்பதே காரணம். ஆயினும் அவை நீண்ட ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

கோச்சில் யார் எங்கே உட்காருவது என்பதில்தான் அந்தக் காலம் முழுவதும் அடங்கியிருந்தது. காந்தியடிகள் பின்னாளில் எழுதியபடி, உள்ளே இடம் வாங்கியிருந்தும் அவரை வெளியே வண்டியோட்டியின் பக்கத்து இருக்கையில் அமர்த்தினார்கள். வழியில் பார்டேகோப் என்ற இடத்தில், அந்த இருக்கையையும் விட்டுவிட்டுப் படிப்பலகையில் விரித்த சாக்குத் துணியில் உட்காரச் சொன்னார் வண்டியின் தலைவர். மறுத்தவரை அடித்தார். வண்டியோட்டி இருக்கையின் பித்தளைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே அவர் அடிகளைத் தாங்கினார். பழைய கோச்சுகளை அருங்காட்சியகத்தில் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தக் கம்பியிடம்தான் போகிறது. வண்டியின் வேலைப்பாட்டை நான் நேசிக்கிறேன். அதற்காக அந்தக் கம்பியை மறக்க என்னால் முடியாது.

கேள்வி: டர்பனில் டிராம் எப்போது ஓடியது?
(வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: குதிரை இழுத்த டிராம் 1880இல் தொடங்கியது. மின்சார டிராம் 1902இல் வந்து 1949இல் நின்றது. கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ரப்பர் சக்கரத்தில் ஓடிய டிராலி பஸ் 1935 முதல் 1968 வரை ஓடியது. கடற்கரையில் இன்றும் காணப்படும் ரிக்‌ஷாவையும் சிலர் கேட்டிருந்தார்கள். அதை 1892இல் இங்கே கொண்டுவந்தவர் சர்க்கரை முதலாளி மார்ஷல் கேம்பெல். மனிதனை மனிதன் இழுத்த அந்த வண்டியைக் குதிரை வண்டிகளின் வரிசையில் வைத்து அழகு பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: என் மாமா சிறுவனாக இருந்தபோது பார்த்த எஞ்சின்களைப் பற்றிச் சொல்லும்போது, ‘முன்னும் பின்னும் எஞ்சின், நடுவில் கொதிகலன்’ என்பார். அப்படி உண்டா? ஏன் அப்படிச் செய்தார்கள்?
(வாசகர், போர்ட் ஷெப்ஸ்டன்)

பதில்: உங்கள் மாமா பார்த்தது காரட் எஞ்சின். அதை வடிவமைத்த ஹெர்பர்ட் வில்லியம் காரட் என்ற ஆங்கிலப் பொறியாளரின் பெயரே அதற்கு வழங்குகிறது. மான்செஸ்டரின் பேயர் பீகாக் தொழிற்சாலை முதல் காரட்டை 1909இல் டாஸ்மேனியாவுக்குக் கட்டிக் கொடுத்தது. ஆனால் அந்த வடிவம் தன் முழு வலிமையைக் காட்டியது ஆப்பிரிக்காவில்தான். அதிலும் நம் நேட்டாலுக்கென்றே அளவெடுத்தது போல அது அமைந்துவிட்டது.

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் பழைய தடத்தை நினைத்துப் பாருங்கள். கடல் மட்டத்தில் கிளம்பும் வண்டி க்லூஃப் வழியாக ஏறி, போத்தாஸ் ஹில்லில் 700 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. முப்பது அடி ஓடினால் ஓரடி உயர வேண்டும் என்ற அளவுக்குச் செங்குத்தான ஏற்றங்கள். மலையைச் சுற்றிச் சுற்றி வரும் வளைவுகள். இங்கே வலிமை வேண்டுமானால் எஞ்சின் பெரிதாக வேண்டும், பெரிதானால் நீளும், நீண்டால் வளைவில் திரும்பாது, கனத்தால் தண்டவாளமும் பாலமும் தாங்காது. இந்த முடிச்சைத்தான் காரட் அவிழ்த்தார். சக்கரங்களும் சிலிண்டர்களும் கொண்ட இரண்டு தொகுதிகளை முன்னும் பின்னும் வைத்து, அவற்றுக்கு நடுவே ஒரு சட்டத்தில் கொதிகலனைத் தொங்கவிட்டார். இரண்டு தொகுதிகளும் தனித்தனியே திரும்பும். கொதிகலன் அவற்றின் மேல் பல்லக்கு போல வரும். எடை நீளமாகப் பரவுவதால் ஒவ்வோர் அச்சிலும் விழும் பாரம் குறையும். கொதிகலனுக்குக் கீழே சக்கரம் இல்லாததால் நெருப்புப்பெட்டியை விரும்பிய அகலத்துக்கும் ஆழத்துக்கும் செய்யலாம். நெருப்பு பெரிதானால் நீராவியும் பெருகும்.

1929–30இல் டர்பன் மலைத்தடத்துக்கென்று வந்த ‘ஜி.எல்.’ வகை எஞ்சின்கள் எட்டே எட்டுதான். ஒவ்வொன்றும் 200 டன்னைத் தாண்டியது. அவற்றுள் ஒன்று தன் பிறந்த ஊரான மான்செஸ்டரின் அருங்காட்சியகத்துக்கே திரும்பிப் போய் நிற்கிறது. நேட்டாலின் முக்கியத் தடங்களில் மின்சாரம் விரைவாகவே வந்துவிட்டதால், இங்கே அவற்றின் ஆட்சி நீளவில்லை. நாட்டின் பிற பகுதிகளில், சொந்த நிலக்கரி குறைவின்றிக் கிடைத்ததாலும் எண்ணெயை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்ததாலும், நீராவி வேறு நாடுகளைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உயிரோடு இருந்தது. 1981இல்கூட டேவிட் வார்டேல் என்ற பொறியாளர் 3450ஆம் எண் எஞ்சினைக் கேப்டவுனின் சால்ட் ரிவர் பட்டறையில் திருத்தியமைத்து, நிலக்கரிச் செலவில் கால் பங்குக்கு மேல் மிச்சப்படுத்திக் காட்டினார். சிவப்பு வண்ணம் பூசப்பட்ட அந்த எஞ்சினை ‘ரெட் டெவில்’ என்று அழைத்தார்கள்.

நீங்கள் போர்ட் ஷெப்ஸ்டன்காரர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் ஊரிலிருந்து ஹார்டிங் வரை சென்ற 610 மில்லிமீட்டர் தடத்திலும் சிறிய காரட் எஞ்சின்கள் மரத்தையும் கரும்பையும் இழுத்தன. அவற்றுள் சில இன்று பிரிட்டனின் வேல்ஸ் மலைகளில், கார்னார்வனுக்கும் போர்த்மடாக்குக்கும் இடையே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. அவற்றுள் 143ஆம் எண் எஞ்சின், 1958இல் பேயர் பீகாக் கட்டிய கடைசி காரட். அவை அங்கே நன்றாகப் பேணப்படுவதைக் கண்டு மகிழ்கிறேன். இங்கே பேண முடியாமல் போனதை எண்ணி வருந்தவும் செய்கிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. நீராவி எஞ்சின் என்றால் உயிர். ஓடுகிற எஞ்சினை அவனுக்கு எங்கே காட்டலாம்? கொதிகலன் வெடித்துவிடுமோ என்று என் மாமியார் பயப்படுகிறார்.
(ஒரு தாய், சாட்ஸ்வொர்த்)

பதில்: உங்களுக்கு மிக அருகிலேயே, நான் மேலே சொன்ன அதே பழைய மலைத்தடத்தில், உம்கெனி ஸ்டீம் ரயில்வே என்ற தன்னார்வலர் அமைப்பு க்லூஃபிலிருந்து இன்சாங்கா வரை நீராவி ரயில் ஓட்டிவருகிறது. ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கின் ஓரமாகப் போகும் வழி அது. புறப்படும் முன் ஓட்ட நாளை உறுதி செய்துகொள்ளுங்கள். புளிச்சோறு கட்டி எடுத்துச் செல்லுங்கள். பழைய துணி உடுத்திச் செல்லுங்கள், கரித்தூள் கண்ணிலும் சட்டையிலும் விழும். தொலைதூரம் போக முடிந்தால், ஜார்ஜ் நகரிலுள்ள ஊட்டெனிக்வா போக்குவரத்து அருங்காட்சியகத்தில் எஞ்சின்களை அருகில் நின்று பார்க்கலாம்.

உங்கள் மாமியாரின் அச்சத்துக்கு உரிய விடை இது. கொதிகலனில் உண்மையான ஆபத்து தண்ணீர் குறைவதில்தான் இருக்கிறது. நெருப்புப்பெட்டியின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அதனால்தான் ஃபயர்மேனின் கண் கரி அள்ளும்போதுகூடத் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை விட்டு விலகாது. அதையும் மீறித் தண்ணீர் இறங்கிவிட்டால், மேல்தகட்டில் பொருத்திய ஈய அடைப்பு உருகி நீராவி சீறி வெளிவந்து எச்சரிக்கும். அழுத்தம் அளவை மீறினால் பாதுகாப்பு வால்வு தானே திறந்துகொள்ளும்.

எஞ்சின் ஓடும் நாளைவிட அதற்கு முந்தின நாளைத்தான் உங்கள் மகன் பார்க்க வேண்டும் என்பேன். குளிர்ந்து கிடக்கும் கொதிகலனை அவசரப்பட்டுச் சூடாக்கினால் தகடுகள் ஒன்றுக்கொன்று மாறான வேகத்தில் விரிந்து, இணைப்புகள் கசியத் தொடங்கும். எனவே முதலில் சிறு நெருப்பு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரி என்று பல மணி நேரம் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் எண்ணெய் விடுவார்கள், சாம்பல் அள்ளுவார்கள், பித்தளையைத் துடைப்பார்கள். டிரைவர், ஃபயர்மேன் வேலைகள் வெள்ளையருக்கே பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், ரயில்வே ஷெட்டில் நம்மவருக்குக் கிடைத்தவை துடைப்பதும் அள்ளுவதும் போன்ற வேலைகள்தான். பையன் இன்று அதே துணியை விரும்பி எடுத்துத் துடைத்து, பிறகு கட்டுப்பாட்டுக் கைப்பிடியையும் தொடலாம் என்றால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. தன்னார்வலர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆர்வத்தோடு கேட்கும் பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல அவர்களுக்கு எப்போதும் பிடிக்கும்.

கேள்வி: ரயில்வே ஊழியர் குடியிருப்பான ரயில்வே பாரக்ஸில் வாழ்ந்த என் தாத்தாவின் கைவிளக்கு எங்கள் வீட்டில் இருக்கிறது. கறுத்துப் போயிருக்கிறது. பளபளப்பாக்கி விற்றால் நல்ல விலை வரும் என்கிறார் ஒரு நண்பர். என்ன செய்யலாம்?
(வாசகி, டர்பன்)

பதில்: முதலில், தேய்க்காதீர்கள். தேய்த்தால் எழுத்துகள் மறையும். எழுத்துகள்தான் விளக்கின் வயதைச் சொல்லும். விளக்கின் அடியிலோ மேல்மூடியிலோ ‘என்.ஜி.ஆர்.’ என்று பொறித்திருந்தால் அது நேட்டால் அரசு ரயில்வேயின் பொருள், 1910க்கு முற்பட்டது. அந்த ஆண்டில் நான்கு ஆட்சிப்பகுதிகளும் ஒன்றியமானபோது ரயில்வேக்களும் இணைந்து ‘எஸ்.ஏ.ஆர்.’, அதாவது தென்னாப்பிரிக்க ரயில்வே, ஆயின. அதனோடு ‘எஸ்.ஏ.எஸ்.’ என்பதும் சேர்ந்திருந்தால், ஆஃப்ரிகான்ஸ் மொழிப் பெயரும் பொறிக்கப்பட்ட பிற்காலத்தது. உள்ளே சிவப்பு, பச்சைக் கண்ணாடிகள் சுழல்கின்றனவா என்று மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் வலிந்து திருப்பாமல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓரிரு நாள் பொறுங்கள். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும்.

விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். நான் வைத்திருப்பேன். ஆனால் விளக்கை விற்றாலும் விற்கக் கூடாத ஒன்று அதனோடு இருக்கிறது. தாத்தா எந்த நிலையத்தில், எந்த வேலையில் அதைப் பிடித்தார்? தடம் பராமரிக்கும் கேங்கில் தண்டவாளம் பார்த்தாரா, பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் முற்றத்தில் நின்றாரா? அவரோ அவருடைய தந்தையோ ஒப்பந்தத்தில் வந்தவராக இருந்தால், அவருக்குக் குடியேற்ற எண் ஒன்று இருந்திருக்கும். 1860 முதல் 1911 வரை வந்த ஏறத்தாழ 1,52,000 பேரின் கப்பல் பட்டியல்கள் பேணப்பட்டுள்ளன; அவற்றில் ஊர், தந்தை பெயர், வயது ஆகியவற்றைக் காணலாம். வீட்டில் ஆயா (பாட்டி) இன்னும் இருந்தால், விளக்கை அவர் மடியில் வைத்துவிட்டு, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய தாளை மடித்து விளக்கின் உள்ளே வைக்காதீர்கள். எண்ணெய்க் கறை பிடிக்கும். தனி உறையில் போட்டு, விளக்கின் அருகிலேயே வையுங்கள்.